படுத்துக்கொண்டு போக ஒரு வண்டி

எந்தக் கார் வாங்கலாம் என்று அவரிடம் போய்க் கேட்டவர்கள் யாரும் சீக்கிரத்தில் கார் வாங்கியதில்லை. கணபதி என்கிற எங்கள் பகுதியில் தெருக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் கேட்பார்கள். கேட்காமல் வாங்கிவிட்டு அவர் வீட்டு வழியாக ஓட்டிப் போனாலோ அது இன்னும் மோசம். கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வண்டிதானுங்க. ஆனா ஒண்ணுங்க..." என்று ஆரம்பிப்பார். அந்த "ஆனா ஒண்ணுங்க" வந்துவிட்டால் வாங்கியவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நானும் மாட்டியிருக்கிறேன். ஸ்கூட்டர் வாங்கப் போவதாக ஒருநாள் அவரிடம் வாய்விட்டுவிட்டேன். அந்த மழைக்காலம் முழுவதும் எனக்காக ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றில் மைலேஜ் நன்றாக இருக்கும், பிரேக் சரியில்லை. இன்னொன்றில் பிரேக் நன்றாக இருக்கும், உட்காரும் உயரம் எனக்கு ஒத்துவராது. நான் நனைந்துகொண்டே பஸ்ஸில் போய்வந்தேன். கடைசியில் ஒரு கடைக்குள் புகுந்து கண்ணில் பட்ட முதல் வண்டியை வாங்கிவிட்டேன். அதை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்கு நடந்து போவேன். ஒருநாள் பார்த்துவிட்டார். சீட்டை மட்டும் தட்டிப் பார்த்து, "கலரு நல்லாருக்குது அம்மணி" என்றார். மனசுக்குள் எத்தனை "ஆனா ஒண்ணுங்க" இருந்ததோ, மரியாதைக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார்.

நான் பிசியோதெரபி செய்பவள். தினமும் காலையில் அவருடைய மனைவிக்குப் பயிற்சி கொடுக்க அந்த வீட்டுக்குப் போவேன். அவரை அண்ணா என்றும் அந்த அம்மாவை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்காவுக்கு முதுகெலும்பில் அடிபட்டு, ஆபரேஷன் ஆகியும் சரியாகவில்லை. மெல்லப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடப்பார். ஆனால் உட்கார முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பிலிருந்து கால்வரை வலி வெட்டி இழுக்கும். படுத்தே இருக்க வேண்டும்.

அண்ணா என்ஜினியரிங் படித்தவர். கிரைண்டர் மோட்டார் செய்கிற கம்பெனி வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லை. வசதிக்குக் குறைவில்லை. இந்தக் கதையில் பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லோருக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான் வருகிறது. ஒரே நிறத்தில், ஒரே துணியில்தான் சட்டை போடுவார். எப்போதோ ஒருமுறை எல்லாத் துணியையும் பார்த்து முடிவு செய்ததாம். அதை மறுபடி எதற்குக் கிளறுவது என்பார். ஓட்டலுக்குப் போனால் மெனுவை முழுக்கப் படித்துவிட்டுப் பக்கத்து மேசைகளையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அதற்குள் நாம் சாப்பிட்டுக் கை கழுவியிருப்போம்.

அக்கா இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார். காலை நீட்டி மடக்கும்போது வலி தெரியாமல் இருக்க நான் அவரைப் பற்றித்தான் பேச்சுக் கொடுப்பேன்.

"என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போயி ஒரு வருசம் கழிச்சுத்தான் சரின்னு சொல்லியுட்டாங்க கண்ணு. எங்கப்பா வேற பக்கம் பாக்கலாம்னு கெளம்பிட்டாரு. எங்கம்மாதான், அந்தப் பையன் வருவான், பொறுங்கன்னு சொல்லுச்சு."

"அந்த ஒரு வருசம் என்னங்க்கா பண்ணிட்டிருந்தாரு?"

"வேற பொண்ணுங்களப் பாத்துட்டிருந்தாரு" என்று சொல்லிவிட்டு அக்கா தலையணை குலுங்கச் சிரித்தார். "எல்லாத்தையும் பாத்துப்போட்டு, கடைசீல என்னத்தான் வேணும்னாரு. அதுக்கு மேல நான் என்ன கேக்கறது, சொல்லு?"

அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது. அவ்வளவு நிறுத்துப் பார்க்கிற மனிதர் தன்னைத் தேர்ந்தெடுத்தார் என்கிற பெருமை. அவர் எதற்காக எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டாலும் அக்கா முணுமுணுக்காததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அக்காவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தியூரில் இருக்கிற அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவும் படுக்கையில். பார்வை மங்கிவிட்டது, போன் திரையில் காட்டினால் மகள் முகம் தெரிவதில்லை. மகளுக்குச் சும்மா இடுப்புவலி என்று மட்டும்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். "ஏஞ் சாமி, ஒரு எட்டு வந்துட்டுப் போகக்கூடாதா? அம்மாளுக்கு உன்ற கையத் தொட்டாப் போதும்" என்று போனில் அழுவார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் அந்தச் சத்தத்திலேயே அம்மா போய்விடுவாள் என்று அக்கா பயந்தார். அதனால் ஆம்புலன்ஸ் வேண்டாம், கார்தான் வேண்டும். படுத்துக்கொண்டு போகிற கார்.

இதற்கென்றே அண்ணா கண்டுபிடித்ததுதான் ஐரோப்பாக்காரர்களின் ஸ்போர்ட் வேகன். சாதாரணக் காரைப் பின்னால் நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். பின்சீட்டை மடக்கினால் ஒரு ஆள் நீளத்துக்குத் தளம் கிடைக்கும். நம் ஊரில் அதை வாங்குவார் இல்லை. எல்லோரும் ஏணி வைத்து ஏறுகிற உயரமான வண்டியைத்தான் வாங்குகிறார்கள். அந்த உயர வண்டிகளுக்கு அவர் ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார். ஒட்டகத்தில் நோயாளியைத் தூக்கி ஏற்ற முடியாது, வளைவில் திரும்பினால் ஆடும் என்பார். நீட்டு வண்டிதான் தாழ்வானது, ஆடாதது. அதுவரை சரி. எந்த நீட்டு வண்டி என்பதில்தான் வந்தது வினை.

கார் கம்பெனிகளின் பெயரை அவர் சொல்ல மாட்டார். நாடுகளின் பெயரைத்தான் சொல்வார்.

"சுவீடன்காரன் எடம் தாராளமா உட்டிருக்கறானுங்க அம்மணி. கதவத் தூக்குனா பலகை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்குது. அலுங்காம உள்ள தள்ளிக்கலாம். ஆனா ஒண்ணுங்க, ஏதாச்சும் கோளாறுன்னா கொச்சிக்குத்தான் தூக்கிட்டு ஓடோணும். செர்மன்காரன் பரவாயில்லீங்க, ரோட்டப் புடிச்சு ஓடுவான், சாயவே மாட்டான். ஆனா ஒண்ணுங்க, ஸ்போர்ட்டுன்னு பேரு வெச்சுக்கிட்டு ஸ்பிரிங்க இறுக்கிப் போட்டான். நம்ம ஊருக் குழியில எறங்குனா முதுகுல குத்தும். செக் நாட்டுக்காரன் ரெண்டுக்கும் நடுவாலங்க. ஆனா ஒண்ணுங்க, புதுசு இங்க வாரதில்ல. பழசு எடுத்தா, எவன் எப்படி ஓட்டுனானோ?"

"மூணும் வேண்டாம்னா நாலாவது ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?" என்று நான் ஒருநாள் கிண்டலாகக் கேட்டுத் தொலைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரனைப் பற்றி ஆரம்பித்தார்.

அவிநாசி ரோட்டு ஷோரூம்களில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. தன்னோடு ஒரு போசி எடுத்துப் போவார். வாயகன்ற சமையல் பாத்திரம், அவர்கள் வீட்டில் பருப்பு வேகவைப்பது. அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் காரின் பின்தளத்தில் வைப்பார். பிறகு தானும் அதன் பக்கத்தில் நீட்டிப் படுத்துக்கொள்வார். ஷோரூம் பையன் ஓட்ட வேண்டும், அதுவும் மேம்பாலத்தில் இல்லை, கணபதிக்குள் குழியும் வேகத்தடையுமாக இருக்கிற தெருக்களில். எவ்வளவு தண்ணீர் சிந்துகிறது, தன் முதுகில் எங்கே குத்துகிறது என்று பார்ப்பார். ஒருமுறை நானும் முன்சீட்டில் போனேன். ஷோரூமுக்குத் திரும்பி வந்து நின்றதும், வேலைக்கு வந்து நான்கு நாள் ஆன விற்பனைப் பெண் ஒருத்தி, ஒரு பெரிய மனிதர் நனைந்த சட்டையோடு டிக்கியில் கண்ணை மூடிப் படுத்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"சார், எந்திரிங்க சார். மேடம், சாருக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஒண்ணும் பண்ணலீங்க கண்ணு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் ஒருக்கா அந்த மேட்டுல ஏத்தி எறக்கச் சொல்லுங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவிடம் நடித்தும் காட்டினேன். அக்காவும் சிரித்தார். அப்போதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அக்காவின் தம்பி அந்தியூரிலேயே விவசாயம் பார்ப்பவர். ஒரு குட்டியானை வைத்திருந்தார், சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிற சின்ன லோடு வண்டி. ஒருநாள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பேச்சை எடுத்தார்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. குட்டியானையில நல்ல இலவம்பஞ்சு மெத்தையா ரெண்டு போட்டு, மேல தார்ப்பாயக் கட்டி, அக்காள மெதுவா நான் ஓட்டிட்டுப் போயிடறனுங்க. அம்மா நாளுக்கொரு விதமா இருக்குதுங்க."

அண்ணா கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான். அதுவும் அவருடைய கோபம் எப்படி இருக்கும்? குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மாப்பிள்ளை, என்ற பொண்டாட்டிய தக்காளிக் கூடையாட்டம் ஏத்திட்டுப் போகச் சொல்றீங்களா? அந்த வண்டியோட ஸ்பிரிங் பட்டையப் பாத்திருக்கறீங்களா? ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போடுமுங்க. சித்த பொறுங்க. நானே அவளப் பூவாட்டம் கொண்டாந்து விடறேன்."

தம்பி தலையை ஆட்டிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "அப்பச் செரிங்க, வாரனுங்க" என்று கிளம்பிப் போய்விட்டார். எங்கள் ஊர் மரியாதையில் இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முடியாது என்று ஒருவர் சொன்னால், ஏன் முடியாது என்று இன்னொருவர் கேட்க மாட்டார். அக்காவாவது கேட்டிருக்கலாம். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவுங்களுக்குத் தெரியும்" என்றார்.

கொச்சியில் ஒரு சுவீடன் வண்டி விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தபோது எனக்கே நம்பிக்கை பிறந்தது. அவர் போசியோடு கிளம்பிப் போனார். அக்கா அன்று தலைவாரிப் பூ வைத்துவிடச் சொன்னார். அம்மாவுக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்த நூல் சேலையை அலமாரியிலிருந்து எடுத்துத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். சாயங்காலம் அவர் திரும்பி வந்து கட்டிலருகில் உட்கார்ந்தார்.

"அருமையான வண்டி அம்மணி. தண்ணி சிந்தவே இல்ல. ஆனா ஒண்ணு... பின்கதவோரம் எப்பவோ இடிச்சுத் தட்டி எடுத்தாப்பல ஒரு சந்தேகம். நாளைக்கு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போயி ஒருக்காப் பாத்துப்போட்டு வாங்கிடலாமுன்னு..."

"செரிங்க" என்றார் அக்கா.

மெக்கானிக் கிடைத்து, அவருக்கு நாள் ஒத்துவந்து, போன் போட்டபோது வண்டி வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. பூவை அன்றைக்கே எடுத்துவிட்டோம். சேலை மட்டும் தலைமாட்டில் கிடந்தது.

அடுத்த ஆடியில் ஒருநாள், நான் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் அந்தியூரிலிருந்து போன் வந்தது. அம்மா போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். இனி ஆம்புலன்ஸுக்குப் பயப்பட யாரும் இல்லை என்பதால் அக்காவே, "ஆம்புலன்ஸ் சொல்லுங்க" என்றார். தெருமுனை ஆஸ்பத்திரி வண்டி உடனே வந்து நின்றது. அண்ணா உள்ளே ஏறி, படுக்கையை அழுத்திப் பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். பிறகு டிரைவரிடம் மரியாதையாக, "நீங்க போயிருங்க" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காற்றுப்பை சஸ்பென்ஷன் வைத்த ஆம்புலன்ஸ் இருக்கிறதாம். அது பாலக்காட்டுக்கு ஒரு நோயாளியை விடப் போயிருக்கிறதாம். வந்துகொண்டே இருக்கிறதாம். இந்த வண்டியில் போனால் முதுகு தாங்காது, அதில் போனால் வலியே தெரியாது என்று என்னிடம் விளக்கினார். அந்த நேரத்திலும் விளக்கினார். நான் கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தி, "அவர ஒண்ணும் பேசாத கண்ணு. நல்லதுக்குத்தான் பாக்கறாரு" என்றார்.

சாயங்காலம்தான் நல்ல ஆம்புலன்ஸ் வந்தது. நிஜமாகவே நல்ல ஆம்புலன்ஸ். அக்காவை அதில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது தம்பியின் போன் வந்தது. "மச்சான், சொந்தக்காரங்க இதுக்கு மேல பொறுக்கலீங்க. எடுத்துட்டமுங்க."

ஸ்ட்ரெச்சரை அப்படியே திருப்பி வீட்டுக்குள் கொண்டு வந்தோம். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அழவில்லை. அவரைப் பார்த்து, "பரவால்லீங்க" என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்ட சொற்களிலேயே கொடூரமானது அதுதான். அதைச் சொன்னவர் கொடுமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவரைத் தேற்றத்தான் சொன்னார் என்பது இன்னும் கொடுமை.

மறுநாள் அண்ணாவை வாசலிலேயே மடக்கினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். குட்டியானையில் போயிருந்தால் என்ன, குலுங்கியிருந்தால் என்ன, ஒரு வாரம் கூடுதலாக வலித்திருக்கும், நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டேன். எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அவளுக்கு அடிபட்டது எப்படீன்னு தெரியுங்களா அம்மணி? மதுக்கரையில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தமுங்க. பெரிய ரோட்டுல லாரியா நின்னுது. குறுக்கால போயிருலாம்னு சட்டுன்னு வண்டியத் திருப்பிட்டேன். கோடு போடாத வேகத்தடை. நான் பாக்கல. வெசையாப் போயி ஏறிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. பின்னால உக்காந்திருந்தவ அப்படியே தூக்கி எறிஞ்சு உக்காந்தாப்பல விழுந்தா. ஏனுங்கன்னு ஒரு சத்தம் போட்டா, அவ்வளவுதானுங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ற ஆயுசுல யோசிக்காம நான் செஞ்சுபோட்டது அது ஒண்ணுதானுங்க."

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அதை இறக்கிவைக்க இடமில்லாமல் போய்விட்டது.

அம்மா போன பிறகாவது நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அம்மாவுக்குத் திதி வருகிறது, அதற்குள் ஒரு வண்டி எடுத்து அக்காவைக் கூட்டிப்போய்விட வேண்டும் என்றார். செர்மன்காரன் ஸ்பிரிங்கை இளக்கிப் புது மாடல் விடப் போகிறானாம். நான் தலையை ஆட்டுவேன். அக்காவும் ஆட்டுவார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் பேசுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பார், பிறகு எழுந்து போய்விடுவார். சட்டைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. அந்த வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஒருநாள் காலையில் வாசல் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணா அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் போய்க் கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவருவார்கள். பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு நாளாவது வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். யாரும் மறுக்க முடியாத வழக்கம். அக்காவின் தம்பி வெள்ளைச் சேலையோடு வந்தார். கேட்டுக்கு வெளியே குட்டியானை நின்றது. அதில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள், மேலே தார்ப்பாய். இந்த முறை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அக்காவை மெத்தையில் கிடத்தி, இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். தம்பி மிக மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டை இறுக்கினார். பவானி தாண்டியதும் தார்ப்பாயை ஓரமாக விலக்கச் சொன்னார். வெயிலும் மஞ்சள் விளைந்த காடும் தெரிந்தன. படுத்தபடியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி நின்றது. நான் இன்னும் பாதி வழிதான் வந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி இறங்கி வந்து பின்பலகையைத் திறந்தார். வீட்டுக்குள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுப்பு எரிகிற வாசனை வந்தது. தாழ்வாரத்துச் சுவரில் ஒரு கயிற்றுக்கட்டிலை நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தார்கள். அது அம்மாவின் கட்டில் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. நெற்றி முழுக்க வியர்வை.

"அவரு சொன்னது நெசந்தான் கண்ணு. இந்த வண்டி நொம்பத் தூக்கித்தான் போடுது."

நான் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

"ஆனா ஒண்ணு கண்ணு" என்றார். "இவ்வளவு தூரந்தானா?"